சிறுநீரகம் மாற்றுவது பேராதனையில், அதைக் காப்பது கந்தளாயில்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு ஒரு முறை நம் எல்லோருடைய ஃபோனுக்கும் ஒரு போஸ்டர் வருகிறது. கட்டிலில் ஒரு பிள்ளையின் படம், "இரு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலையில்" என்ற வரி, கீழே வங்கிக் கணக்கு இலக்கம். நாம் கொடுக்கிறோம். நம் ஊர் கொடுக்கும் ஊர்தான், மாஷா அல்லாஹ். ஒப்பரேஷன் முடிந்தது, பிள்ளை நலம் என்று செய்தி வந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கமெண்ட் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தக் கமெண்டுக்குப் பிறகு வரும் வருடங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிறுநீரக வருத்தம் என்றதும் நமக்கு வயலும் கிணற்றுத் தண்ணீரும் பதவி சிறிபுர, மெதவச்சிய விவசாயிகளும்தான் ஞாபகம் வரும். அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. அவர்களுக்காகத்தான் சீனாவின் உதவியோடு பொலன்னறுவையில் பெரிய சிறுநீரக வைத்தியசாலை கட்டி 2021இல் திறந்தார்கள். பிள்ளைகளின் கதை வேறு. பலருக்குப் பிறவியிலேயே சிறுநீரகமோ சலப்பாதையோ சரியாக அமைந்திருக்காது. ஆண் குழந்தைகளில் சிலருக்குச் சலம் வெளியேறும் வழியில் தடுப்பு இருக்கும். இன்னும் சிலருக்குக் காலையில் கண்ணும் முகமும் வீங்கும், சலத்தில் புரதம் போகும். இந்த வீக்க வருத்தம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீரொயிட் குளிசையோடு அடங்கிவிடும். எல்லோருக்கும் மாற்று சத்திரசிகிச்சை தேவைப்படாது. பயப்பட வேண்டாம். ஆனால் முகம் வீங்கினால் "பூச்சி கடித்திருக்கும்" என்று இருந்துவிடாமல் சலத்தைச் சோதியுங்கள். சில நிமிடங்களில் முடியும் சோதனை அது.

நம் நாட்டில் இந்த வைத்தியம் உண்டு, அதுவும் இலவசமாக. 1985இல் இலங்கையில் சிறுநீரக மாற்று தொடங்கியபோது முன்னோடியாக நின்றவர்களில் ஒருவர் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப். பிள்ளைகளுக்கான மாற்று சத்திரசிகிச்சை பேராதனையில் வேரூன்றியது. அங்குள்ள பேராசிரியர் அசிரி அபேகுணவர்தனவும் குழுவினரும் வீக்க வருத்தம் பற்றிச் செய்த ஆய்வைப் பின்தொடர்ந்து பிரிட்டனிலும் பெரிய ஆய்வு நடந்தது. திறமையில் நமக்குக் குறைவில்லை.

குறை எங்கே? பாதையில்.

கந்தளாயிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி தாண்டிப் பேராதனை போய்ச் சேர 140 கிலோமீற்றருக்கு மேல். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதைத் தாக்கவிடாமல் தடுக்கும் குளிசைகளைச் சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். அந்த மருந்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் போய்விடும். கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த இரத்தத்தை எடுக்க வேண்டியது காலைக் குளிசைக்கு முன்னால். ஆகவே நம் ஊர்ப் பிள்ளை இரவே புறப்பட வேண்டும், குளிசையைப் பையில் வைத்துக்கொண்டு. பஸ் தாமதமானால் குளிசையும் தாமதம். கூலி வேலை செய்யும் வாப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் இல்லை. முதல் மாதங்களில் இப்படி எத்தனையோ பயணம். பிறகு குறையும், ஆனால் முடியாது. ஒரு கிளினிக்கைத் தவறவிட்ட தாயைப் பொறுப்பில்லாதவள் என்று ஏசுவது லேசு. பஸ் டிக்கட்டைக் கணக்குப் பார்த்துவிட்டு ஏசுங்கள்.

என் கருத்து இதுதான்: பிள்ளை நிபுணரிடம் போவதைப் போல, நிபுணரும் பிள்ளையிடம் வர வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருகோணமலை வைத்தியசாலையில் சிறுவர் சிறுநீரக கிளினிக் நாள் ஒன்று. இடைப்பட்ட காலத்தில் நமது மாவட்டத்துச் சிறுவர் வைத்திய நிபுணர் பார்க்கட்டும். இரத்தத்தைக் கந்தளாய் ஆதார வைத்தியசாலையில் உரிய நேரத்தில் எடுத்து, மாதிரியை மட்டும் அனுப்பட்டும். முடிவைத் தொலைபேசியில் சொல்லலாம். பிரிட்டனில் இப்படித்தான் செய்கிறார்கள். பெரிய நிலையங்கள் சிலவே. நிபுணர்கள் மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் போய் கிளினிக் நடத்துகிறார்கள்.

"நிபுணர்களே குறைவு, 2022க்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டே போய்விட்டார்கள்" என்பீர்கள். உண்மை. அந்த வருடம் மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைத்ததை மறக்கவில்லை. நிபுணர்கள் குறைவு என்பதால்தான் இதைக் கேட்கிறேன். ஒருவர் ஒரு நாள் பயணம் செய்தால் பல குடும்பங்களின் பயணம் மிச்சம். தவறிய கிளினிக்கால் ஒரு சிறுநீரகம் போனால், அந்தப் பிள்ளை திரும்பவும் டயலிசிஸுக்கு வரும். அது அரசாங்கத்துக்கு இதைவிடப் பெரிய செலவு.

இனி நாம் செய்ய வேண்டியது.

ஆசிரியர்களுக்கு: மாற்றிய சிறுநீரகம் அதிகமாகப் பறிபோகும் வயது பதின்ம வயதும் இருபதுகளின் தொடக்கமும் என்று உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். குளிசை எடுப்பதை விடுவது முக்கிய காரணம். ஏன் விடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஸ்டீரொயிட்டால் கன்னம் ஊதிய பிள்ளைக்கு வகுப்பில் பட்டப்பெயர் வைக்க அரை நாள் போதும். அதை நிறுத்துவது வைத்தியரால் முடியாது, நம்மால் முடியும். தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்க விடுங்கள். சலம் போகக் கேட்டால் "பாடம் முடியட்டும்" என்று சொல்லாதீர்கள். மலசலகூடம் நாறுவதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள். சலப்பாதையில் ஏற்கெனவே குறை உள்ள பிள்ளைக்கு அடிக்கடி கிருமித் தொற்று வந்தால் சிறுநீரகத்தில் நிரந்தரத் தழும்பு விழும். அபிவிருத்திச் சங்கத்தின் பணம் மேடைக்கும் நுழைவாயிலுக்கும் போவதற்கு முன் மலசலகூடத்துக்குப் போகட்டும்.

உம்மா வாப்பாமாருக்கு: ரமழான் வந்தால் இந்தப் பிள்ளைகளும் நோன்பு பிடிக்க ஆசைப்படுவார்கள். வைத்தியரைக் கேட்காமல் விடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வெட்கமாக நினைக்க வைக்காதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஸகாத் குழுவுக்கும்: ஒப்பரேஷனுக்கு ஒரே தடவையில் பெரிய தொகை கொடுப்பது நல்லது. ஆனால் மாதாமாதம் பஸ் செலவும், வெளியில் வாங்கச் சொல்லும் மருந்துக்கான பணமும் கொடுங்கள். போஸ்டர் இல்லாமல், பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்டாமல். நாளை அந்தப் பிள்ளையும் வேலைக்குப் போக வேண்டும், கலியாணம் முடிக்க வேண்டும்.

உறுப்புக் கொடுப்பது கூடுமா என்ற தயக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சார்ந்த பிக்ஹ் சபை 1988இல் ஜித்தாவில் கூடி, நிபந்தனைகளோடு கூடும் என்று தீர்மானித்தது. விற்பதற்கு இடமில்லை. நம் நாட்டுச் சட்டமும் 1987இலிருந்து இருக்கிறது. இறந்த பிறகு கண் கொடுப்பதில் உலகுக்கே முன்மாதிரியான நாடு இது. சிறுநீரகத்துக்கு மட்டும் ஏன் எப்போதும் உம்மாவையே பார்க்கிறோம்? பெற்றோர் கொடுத்த சிறுநீரகமும் பத்து, பதினைந்து, இருபது வருடத்தில் ஓய்ந்துபோகலாம். இரண்டாவது சிறுநீரகம் எங்கிருந்து வரும்? இதை ஒரு ஜும்ஆவில் பேசலாமே, உலமாக்களே.

நமது மாவட்டத்து எம்.பி.மாரும் சுகாதாரத் திணைக்கள அதிகாரிகளும் இந்தப் பக்கத்தில் இருப்பார்கள் என்றால், மேலே கேட்ட கிளினிக் நாளைப் பற்றி ஒரு பதில் சொல்லுங்கள். இப்படியான பிள்ளை உள்ள குடும்பங்கள் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், பெயரை வெளியிட மாட்டேன். எத்தனை குடும்பம் என்று எண்ணி, கையெழுத்தோடு ஒரு மகஜர் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.