படம் மங்கினும் பாடம் நில்லாது

கைத்தொலைபேசியில் பாடம் பார்க்கும் மாணாக்கர் பலர், சற்றுமுன் தெளிவாயிருந்த ஆசிரியரின் முகம் திடீரென மங்குவதையும், சில நிமிடங்களில் மீண்டும் துலங்குவதையும் கண்டிருப்பர். பேசி பழுதுற்றதென எண்ணுவோரும் உளர். அது பழுதன்று, பாடம் இடையில் நின்றுவிடாதபடி பேசி செய்துகொள்ளும் ஒரு சமரசமேயாகும். அதன் இயல்பை இவ்வாரம் நோக்குவோம்.

கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையை எடுத்துக்கொள்வோம். சீதாவக்கை ஆறு பாயும் பள்ளத்தாக்குகளும், தேயிலையும் இறப்பரும் வளரும் மலைச்சரிவுகளும் நிறைந்த பகுதி அது. கோபுரத்துக்கும் பேசிக்கும் இடையே ஒரு குன்று நிற்குமாயின் அலை மெலியும். அன்றியும், ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதனைச் சார்ந்தோர் அனைவரும் பகிர்ந்துகொள்வதால், எல்லோரும் லயங்களுக்குத் திரும்பும் மாலைவேளையில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். ஆகவே இணைய வேகம் நிலையானதன்று. நேரத்துக்கு நேரம் மாறுவது.

இம்மாற்றத்துக்கு ஈடுகொடுக்க அறிஞர் கண்ட வழி எளியது. ஒரே பாடத்தைப் பல தரங்களில் பிரதி செய்து வைக்கின்றனர். செக்கனுக்கு 200 கிலோபிட் வேண்டுவது ஒன்று, 1000 வேண்டுவது ஒன்று, 5000 வேண்டுவது ஒன்று என ஏணிப்படிகள் போல அவை அமையும். ஒவ்வொரு பிரதியும் பொதுவாக 2 முதல் 10 செக்கன் வரையுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்படும். அடுத்த துண்டை எப்படியிலிருந்து எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது தொலைவிலுள்ள நிலையம் அன்று. நம் கையிலுள்ள பேசியே.

பேசி எதனைக் கொண்டு தீர்மானிக்கிறது? தோட்டத்துப் பீலியை நினைத்தால் விளங்கும். பீலியில் வரும் நீரைக் குடத்தில் சேர்த்து, குடத்திலிருந்தே நாம் செலவிடுகிறோம். பேசியும் வரவிருக்கும் துண்டுகளை முன்கூட்டியே சேமித்துக்கொண்டு அதிலிருந்து படம் காட்டுகிறது. முந்திய துண்டு வந்துசேர எவ்வளவு நேரமாயிற்று, சேமிப்பில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்னும் இரண்டையும் அது கவனிக்கும். வரவு சுருங்கிக் குடம் வற்றத் தொடங்கினால் கீழ்ப்படிக்கு இறங்கும், நிறைந்தால் மேலேறும். குடம் முற்றும் வற்றும்போதே படம் நின்று வட்டம் சுழல்கிறது.

ஆப்பிள் நிறுவனம் 2009இல் இத்தகைய முறையொன்றைத் தன் பேசிகளில் புகுத்தியது. 2012இல் 'டாஷ்' என்னும் சர்வதேச நியமம் வெளியாயிற்று. 2020 மார்ச்சில், ஊரடங்கினால் இணையத்தில் நெரிசல் மிக்கபோது, நெற்பிளிக்ஸ் முதலிய நிறுவனங்கள் ஐரோப்பாவில் மேற்படிகளைக் குறைத்து நெரிசலைத் தணித்தன. தெளிவைச் சிறிது விட்டுக்கொடுத்துத் தொடர்ச்சியைக் காப்பதே இங்கும் கொள்கை.

பெற்றோர் கருதவேண்டிய கணக்கொன்று உண்டு. மேற்கூறிய மூன்று படிகளிலும் ஒரு மணி நேரப் பாடம் முறையே 90, 450, 2250 மெகாபைட் தரவைச் செலவிடும். பேசி அலையின் வேகத்தை அறியுமேயன்றி, வீட்டின் வருவாயை அறியாது. வேகம் கிடைத்தால் உயர்ந்த படியையே நாடும். எனவே தரத்தைக் கையால் தெரிவுசெய்யும் வசதி இருக்குமிடத்தில், நடுப்படி ஒன்றில் நிறுத்திவைத்தல் சிக்கனமாகும்.

பேசி அறியாதது இன்னொன்றும் உண்டு. ஒலிக்கு வேண்டும் தரவு சிறிதாதலின், கீழ்ப்படியிலும் ஆசிரியரின் குரல் பெரும்பாலும் தெளிவாகவே கேட்கும். மறைவது எழுத்து. 144 வரிகளே கொண்ட படத்தில், கரும்பலகையில் உள்ள அடுக்குக்குறி 3 ஆ, 8 ஆ என்று தெரிவதில்லை. படம் தடையின்றி ஓடிற்று. ஆயினும் கணக்குத் தவறிற்று. கொழும்பில் மேற்படியில் அமர்ந்து பார்ப்பவனும் தெரணியகலையில் கீழ்ப்படியில் பார்ப்பவளும் ஒரே பரீட்சையைத்தான் எழுதுகின்றனர். ஆகவே பாடம் ஒளிப்பதிவு செய்யும் ஆசிரியர்கள் பெரிதாக எழுதுதலும், எழுதியதை வாயாற் சொல்லுதலும், வெளியிடுமுன் மிகத் தாழ்ந்த தரத்தில் ஒருமுறை தாமே பார்த்தலும் கடமையாகும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021இல், ஊவா மாகாணத்துப் பொஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் அலை கிடைக்கும் இடந்தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிப் பாடம் கேட்டனர். அலையே எட்டாத இடத்தில் எந்தப் பேசியும் எந்தப் படிக்கும் இறங்கிப் பயனில்லை. ஏணியின் முதற்படி ஒவ்வொரு லயத்தின் வாசலையும் தொடும்படி செய்தல் பொறியியலின் வேலை மட்டுமன்று. ஆட்சியாளரும் தோட்ட நிருவாகத்தினரும் சேர்ந்து ஆற்றவேண்டிய பணியுமாகும்.

அதுவரை, மாணாக்கரே, படம் மங்கினால் மனந்தளர வேண்டா. குரலைக் கேட்டுக் குறிப்பெடுங்கள். ஐயமுற்ற எழுத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.