வால்வா, தெளிவா?

பேஸ் கிதாருக்குப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரே வேண்டும் என்று அடம்பிடிப்போர் சுட்டும் சாட்சி, 1960-இல் வந்த ஆம்பெக் பி-15. மோட்டவுன் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் மேடையில் வாசித்த கருவி. ஒலிப்பதிவுகளில் அவர் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் இன்றி நேரடி இணைப்பில்தான் வாசித்தார் என்பதை ஏனோ சொல்வதில்லை.

தேவாரம் பகுதியின் மேடைகளில் இளையராஜாவைத் தவிர்க்க இயலுமா? பிறந்த பண்ணைப்புரம் பக்கத்து ஊராயிற்றே. அவரது பாடல்களில் பேஸ், தாளத்துக்குத் துணை நிற்பதோடு அமைவதில்லை. பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாக நடக்கிறது. 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' போதும், இதை உணர. வால்வை உச்சத்தில் முடுக்கினால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்க முனையும் மழுங்கும். அந்த நடை குழையும். ஆகவே என் வாக்கு நவீனத் தெளிவுக்கே.

வால்வுக்கும் ஒரு நியாயம் உண்டு. பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தராது. கிளைச்சுரங்களைக் கொண்டே நம் செவி அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. வால்வு கூட்டித் தருவது அக்கிளைச்சுரங்களைத்தான்.

ஆனால் சுமப்பது யார்? 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்; பெட்டி நீங்கலாகவே நாற்பது கிலோவை நெருங்கும். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக் கோயில் விழாவில் வாசிக்கும் குழுவுக்கு, அதே ஆற்றலைச் சில கிலோவில் தரும் இன்றைய கருவியே உகந்தது. கரகரப்பு வேண்டிய பாடலுக்கு மட்டும் காலடியில் ஒரு பெடல் வைத்துக்கொள்ளலாம்.