கதை அவர்களுடையது, மேடை யாருடையது?

சேரிகளில் நாடகப் பட்டறை நடத்துவது இப்போது பெருகியிருக்கிறது. 'தலைமுறைகளின் உரையாடல்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிடுகிறார்கள். முதல் நாள் பெரியவர்களிடம் கதை கேட்பார்கள். இரண்டாம் நாள் கல்லூரிப் பிள்ளைகள் அதை நாடகமாக்குவார்கள். மூன்றாம் நாள் அதே பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து தங்கள் சொந்த வாழ்க்கையை வேடிக்கை பார்ப்பார்கள். பொன்னாடை, குழுப் படம், திட்ட அறிக்கை. அவ்வளவுதான்.

இதை உரையாடல் என்று நாங்கள் ஏற்கமாட்டோம். நெல்லை ஒருவர் விளைவிக்க, இன்னொருவர் அளந்து எடுத்துக்கொண்டு போகும் பழைய ஏற்பாடுதான் இது. இங்கே நெல்லுக்குப் பதில் அனுபவம்.

"பெரியவர்களுக்கு நடிப்பு வராது, கூச்சப்படுவார்கள்" என்கிறார்கள். விடிய விடியக் கூத்து ஆடியவர்கள் யார்? இழவு வீட்டில் நின்ற இடத்திலேயே ஒப்பாரி கட்டிப் பாடுகிறவர்கள் யார்? நடவு வயலில் பாட்டெடுத்தவர்கள் யார்? தமிழில் தலித் அரங்குக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடலையும் ஆட்டத்தையும் மேடையேற்றினார். அந்தக் கலை இந்த மனிதர்களிடம்தான் இருந்தது.

ஒடுக்கப்பட்டோர் அரங்கை உருவாக்கிய பிரேசில்காரர் அகஸ்டோ போவால், 1973இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தார். பார்வையாளராக இருந்த ஒரு பெண், தான் சொன்னதை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று தானே மேடையேறிவிட்டார். பார்க்கிறவர் நடிப்பவராக மாறும் அந்த முறை இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. நம் பட்டறைகளில் போவால் பெயரைச் சொல்கிறார்கள். கிழவியை மட்டும் பாயிலேயே உட்கார வைக்கிறார்கள்.

இரட்டைக் குவளைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இளைஞர் குவளையைத் தூக்கி உடைப்பார், கைதட்டல் விழும், நாடகம் முடியும். அந்த இடத்தில் ஒரு பெரியவர் உள்ளே வரட்டும். மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று அவர் காட்டுவார். வயலில் வேலை இல்லை. வரப்பில் நடக்கக்கூடாது. வாங்கிய கடனை உடனே திருப்பிக் கொடு. மளிகைக் கடையில் சாமான் கிடையாது. 'அடங்கிப் போ' என்று அவர் சொன்னது கோழைத்தனத்தால் அல்ல, இந்தக் கணக்கு தெரிந்ததால் என்று அப்போது இளைஞர்களுக்குப் புரியும். அதற்குப் பதிலாக இளைஞர்களிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையே குற்றமாக்கியிருக்கிறது. இப்போது காட்சியை மறுபடி நடிக்கலாம். இதுதான் உரையாடல்.

சண்டை வந்தால் வரட்டும். பறையையே பாருங்கள். சாவுக்குப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டு, 'இனி அடிக்கமாட்டோம்' என்று மறுத்ததற்காக உதை வாங்கிய பெரியவர்கள் இருக்கிறார்கள். அதே பறையை விடுதலைக் கலை என்று தோளில் மாட்டிக்கொண்டு ஆடும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் சுயமரியாதையைத்தான் பேசுகிறார்கள். இந்த மோதலை 'பாரம்பரியம்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டு, நிகழ்ச்சித் தொடக்கத்தில் பறையடிக்க வைப்பது இருவரையும் அவமதிப்பது. மேடையில் வைக்க வேண்டியதே அந்த மோதலைத்தான்.

பட்டறை நடத்தும் தோழர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு என்றால், வேலையை விட்டுவிட்டு வரும் கூலிப் பெண்ணுக்கும் அன்றைய கூலி கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் வேலை முடிந்து, உலை வைத்து, சாப்பிட்டு வரும் இரவு நேரத்தில் நடத்துங்கள்.

எதை நாடகமாக்குவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைக் கதைக்குச் சொந்தக்காரர்களே முடிவு செய்யட்டும். பதிவு செய்ததும் படம் எடுத்ததும் முதலில் அவர்கள் கைக்குப் போகட்டும்.

மூன்று நாளில் முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். நாடகம் சேரியில் நடந்தபின், ஊர்ப் பொது மந்தையில் நடத்த அனுமதி கேளுங்கள். மறுத்தால், யார் மறுத்தார் என்பதே அடுத்த நாடகத்தின் முதல் காட்சி. மிரட்டல் வந்தால் அந்த மக்களோடு காவல் நிலையத்துக்கும் நடந்து போங்கள். அதற்குத் தயாரில்லாதவர்கள் எங்கள் தெருவில் பாய் விரிக்க வேண்டாம்.

மாணவத் தோழர்களே, அடுத்த பட்டறைக்குப் போகும்போது கையில் பேசிக் கருவியோடு முன்வரிசையில் நிற்காதீர்கள். பாட்டியை மேடைக்கு அழையுங்கள். அவர் இடத்தில் பாயில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் முறையும் வரும்.