விசிறிக்குப் பின்னால் நில்லுங்கள்

எமது பிள்ளைகள் ஆசையோடு கேட்கும் பொழுதுபோக்குகளுள் வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானமும் ஒன்று. பெற்றோருள் ஒரு சாரார், "விரலும் போய்விடும், படிப்பும் போய்விடும்" என்று அதனைத் தடுத்துவிடுகின்றனர். மறு சாரார் பிறந்தநாட் பரிசாக வாங்கிக் கொடுத்து, பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டுக் கடைக்குச் சென்றுவிடுகின்றனர். இரண்டாமவர் செயலே கூடிய ஆபத்தானது என்பது என் கருத்து. முதலாமவர் செய்வதும் சரியன்று.

இன்று மின்கலத்தால் இயங்கும் விமானங்களே அதிகம். ஆயினும் மெதனோலில் ஓடும் சிறு இயந்திரங்களின் மீதுள்ள மோகம் குறையவில்லை. 6.5 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அது 10 அங்குலச் சுழல்விசிறியை நிமிடத்துக்கு 12,000 தடவை சுழற்றினால், விசிறியின் நுனி மணிக்கு ஏறத்தாழ 575 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். சுழலும்போது அவ்விசிறி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே பெரிய அபாயம்.

இவ்வியந்திரத்தில் தீப்பொறி எழுவதில்லை. பிளாற்றினம் கலந்த சிறு கம்பிச்சுருளை 1.5 வோல்ற் மின்கலம் செந்தணலாக்குகின்றது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை அகற்றிவிடலாம். எரிதலின் வெப்பமும், மெதனோலுக்கும் பிளாற்றினத்துக்கும் இடையிலான தாக்கமும் அத்தணலைக் காக்கும். எரிபொருளின் அளவை ஓர் ஊசி வால்வு தீர்மானிக்கின்றது. அதனை உள்ளே திருகினால் எரிபொருள் குறையும். வெளியே திருகினால் கூடும்.

முதலில் எரிபொருள் மிகுந்த நிலையில் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். பின்னர் முழு வேகத்தில் வைத்து ஊசியைச் சிறிது சிறிதாக உள்ளே திருக, ஓசை உயர்ந்துகொண்டே போகும். அது உச்சத்தை எட்டியதும், நிமிடத்துக்கு 200 முதல் 300 சுற்றுகள் குறையுமளவுக்கு ஊசியை மீண்டும் வெளியே திருக வேண்டும். இளையோர் இவ்விடத்திலேதான் பொறுமை இழக்கின்றனர். உச்ச ஓசை அவர்களுக்கு இனிக்கின்றது. (எதிலும் முதலிடம் வேண்டுமெனப் பிள்ளைகளை விரட்டும் எமக்கும் அந்த 200 சுற்றுகளை விட்டுக்கொடுப்பது கடினமே!) ஆனால் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகின்றது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும், ஆடுதண்டு தேயும், நடுவானில் நின்றும் போகும். ஆகவே விமானத்தின் மூக்கை வானை நோக்கி உயர்த்திச் சில விநாடிகள் கேட்க வேண்டும். ஓசை தளர்ந்தால் ஊசியை இன்னும் சற்றுத் திறக்க வேண்டும்.

இவற்றை ஒருவர் தனியாகச் செய்யலாகாது. ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்திருக்க, மற்றவர் ஊசியைத் திருப்ப வேண்டும். விசிறியை விரலால் சுண்டாது, அதற்கென உள்ள தடியாலோ மின் தொடக்கியாலோ சுழற்ற வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியபின் விசிறியின் மேலாகக் கையை நீட்டலாகாது. இறக்கையைச் சுற்றிப் பின்புறம் சென்றே மின்கலத்தை அகற்றவும் ஊசியைத் திருப்பவும் வேண்டும். விசிறி உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில் பறக்கும். அந்த நேர்கோட்டில் தம்பி தங்கைகளை நிற்கவிட வேண்டாம். கழுத்துப்பட்டி, சால்வை, தொங்கும் கயிறு எதுவும் உடலில் இருக்கலாகாது. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அவசியம். மெதனோல் நஞ்சு, பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை தெரிவதும் அரிது. கைகளைக் கழுவாமல் சிற்றுண்டிப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

பிரித்தானியாவில் 2019 நவம்பர் முதல் இத்தகைய விமானங்களுக்குப் பதிவு கட்டாயம். பிள்ளை பறக்கவிடுவதற்கான பரீட்சையில் சித்தியெய்தலாம். ஆனால் 18 வயதுக்குட்பட்டவர் விமானத்துக்குப் பொறுப்பாளராகப் பதிய முடியாது. மகனோ மகளோ பறக்கவிடும் விமானத்தில் ஒட்டப்படுவது பெரியவர் ஒருவரின் பதிவிலக்கமே. ஆகவே இயந்திரத்தை வாங்குமுன் அருகிலுள்ள மாதிரி விமானக் கழகத்துக்குப் பிள்ளையோடு பெற்றோரும் சென்று வரட்டும். வாலைப் பிடித்துக்கொள்ள அங்கு ஓர் ஆள் எப்போதும் தேவைப்படும்.