கிழவியின் சாவை இடம் மாற்றியது ஏன்?

நாவலையும் அதைத் தழுவிய படத்தையும் ஒப்பிட்டு நம் இதழுக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. புத்தகத்தில் இருந்த எதெல்லாம் படத்தில் காணோம் என்று தேடுவது, பிறகு அதற்காக இயக்குநரைக் கண்டிப்பது அல்லது மன்னித்துவிடுவது. வாசகருக்கு அது போதும். திரைக்கதை எழுதுகிறவருக்கும் எடிட்டருக்கும் போதாது. ஒரு முழு நாவல் இரண்டு மணி நேரத்துக்குள் வரும்போது பாதிக்கு மேல் உதிரத்தான் செய்யும். உதிராமல் நின்ற நிகழ்ச்சி கதையில் தன் பழைய இடத்திலேயே இருக்கிறதா, இடம் மாறியிருந்தால் அதன் முன்னும் பின்னும் உள்ள காட்சிகள் என்ன ஆயின என்று பார்க்க வேண்டும். தழுவியவரின் கை அங்கேதான் தெரிகிறது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929இல் புத்தகமாக வந்தது. சத்யஜித் ரேயின் படம் 1955இல். ஆர். சண்முகசுந்தரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு இருப்பதால், வங்காளி தெரியாத நாமும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஒரு முறையாவது அப்படிப் பார்த்துவிடும்படி உதவி இயக்குநர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்திர் தாக்ரூனிலிருந்து தொடங்கலாம். ஹரிஹரின் வீட்டில் ஒண்டிக்கொண்டு, அவன் மனைவி சர்வஜயாவின் ஏச்சையும் மகள் துர்காவின் பாசத்தையும் ஒருசேரப் பெறும் கூன் விழுந்த கிழவி. நாவலில் அவள் முதல் பகுதி முடியும்போதே இறந்துவிடுகிறாள். துர்காவின் தம்பி அபு அப்போது கைக்குழந்தை. அவனுக்கு அவள் முகம்கூட நினைவில் இருக்க வழியில்லை. நாவலாசிரியருக்கு அது ஒரு தலைமுறையின் முடிவு. அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அவர் அபுவின் உலகத்தைத் திறக்கிறார்.

ரே அவளை இன்னும் சில ஆண்டுகள் வாழவிடுகிறார். படத்தில் அபு ஓடியாடும் வயதுச் சிறுவனாகும் வரை கிழவி இருக்கிறாள். நடித்த சுனிபாலா தேவியின் முகத்துக்காக இந்த நீட்டிப்பு என்று சிலர் சொல்வதுண்டு. அந்த முகம் எத்தனை அரியதாக இருந்தாலும், அதற்கும் மேலான காரணம் காட்சிகளின் வரிசையிலேயே இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு ஓடும் அக்காவும் தம்பியும் நாணல் பூத்த வெளியைக் கடந்து ரயிலைப் பார்க்கப் போகிறார்கள். அதே நேரத்தில் இங்கே வீட்டில், உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த கிழவியைச் சர்வஜயா இருக்கவிடாமல் அனுப்பிவிடுகிறாள். குழந்தைகள் திரும்பும் வழியில், மூங்கில் தோப்பில் கிழவி குந்தியிருக்கிறாள். துர்கா விளையாட்டாய் அவளைத் தொட்டு அசைக்கிறாள், உடல் சாய்கிறது.

விரட்டப்பட்ட கிழவி சாகிறாள் என்பது நாவலில் உள்ளதுதான். வாழ்க்கையின் முதல் பெரிய அதிசயத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளின் கையிலேயே முதல் சாவைக் கொடுத்தது ரே. நாவலில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள், பல ஆண்டுகளின் இடைவெளி நீங்கி அடுத்தடுத்த காட்சிகளாகின்றன. இங்கே வசனம் எதையும் விளக்குவதில்லை, விளக்கவும் தேவையில்லை.

ரயிலையும் கவனியுங்கள். நாவலில் அக்காவும் தம்பியும் தண்டவாளத்தைத் தேடிக் கிளம்பி, வழி தவறி, பார்க்காமலே திரும்புகிறார்கள். துர்கா கடைசிவரை ரயிலைப் பார்க்கவில்லை. உடம்பு தேறியதும் காட்டுகிறாயா என்று நோயில் கிடந்தபடி தம்பியிடம் கேட்கிறாள். படத்தில் ரயில் வந்தே தீர வேண்டும். இரவில் அதன் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டு, திரையில் காட்டாமல் விட முடியாது. ஆனால் அபு ஓடித் தண்டவாளத்தை எட்டும்போது துர்கா தடுக்கி விழுந்து பின்தங்குகிறாள். ஒரு முழு அத்தியாயத்தின் ஏக்கத்தை அந்த ஒரு தடுமாற்றம் தாங்குகிறது. மூலத்தை மீறியும் மூலத்தின் உணர்ச்சியை விடாமல் பிடித்த இடம் இது.

துர்கா மீது விழும் திருட்டுப் பழியும் இப்படித்தான் மாற்றம் பெறுகிறது. நாவலில் பாசிமணி மாலைக்காக துர்கா ஏச்சு வாங்குவது ஒரு நிகழ்ச்சி. பின்னால் வேறொரு சமயத்தில் காணாமல் போவது ஒரு தங்கக் குங்குமச் சிமிழ். அவள் இறந்த பிறகு அதை அபு கண்டெடுத்து மூங்கில் தோப்பில் எறிகிறான். படத்தில் இரண்டும் ஒரே மாலையாகிவிட்டன. ஊரை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அபு அதைக் கண்டெடுத்துக் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்லக் கூடி நீரை மூடுகிறது. தோப்பில் விழும் சிமிழைப் படம் பிடித்திருந்தால் அது வெறும் தகவலாக நின்றிருக்கும். ரகசியத்தைக் காப்பாற்ற ஒரு சிறுவன் எடுக்கும் முடிவு, மூடிக்கொள்ளும் பாசியால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. துர்காவின் மழைக் குளியலும் அப்படியே: நாவலில் மலேரியாக் காய்ச்சல் அவளுக்கு விட்டுவிட்டு வருவது, படத்தில் அவளுடைய ஆனந்தமும் நோயும் ஒரே மழையிலிருந்து வருகின்றன.

இழப்பு இல்லையா என்றால், இருக்கிறது, அதைப் பூசி மெழுகக் கூடாது. இந்திர் தாக்ரூனின் இளமை படத்தில் அறவே இல்லை. பல ஊர்களில் பெண் கட்டிக்கொண்டு, எப்போதாவது வந்து போகும் குலீனப் பிராமணக் கணவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். நாவல் தன் முதல் பகுதிக்கே அந்தக் குலீன வழக்கத்தை நினைவூட்டும் தலைப்பைக் கொடுத்திருக்கிறது. ஒரு சமூகம் பெண்களுக்குச் செய்த அநீதியின் சாட்சியாக நாவலில் வருபவள், படத்தில் முதுமையின் தனிமையாக மட்டும் மிஞ்சுகிறாள். சாவை இடம் மாற்றியதற்கான விலை இது. விலை தகுமா என்றால் தகும் என்பேன். இருந்தாலும் ரேயின் கிழவி மட்டும் போதும் என்று நாவலைப் படிக்காமல் விடுகிறவரிடம் எனக்கு உடன்பாடில்லை. மகாபாரதம் கேட்டுக் கர்ணனுக்காக உருகும் அபுவின் உள் உலகமும் பெரும்பகுதி புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

இத்தனை இடம் மாற்றியும் படம் இறுக்கிக் கட்டிய கதையாகவில்லை. அங்கும் இங்கும் அலைந்து திரியும் நாவலின் போக்கைக் கொஞ்சமாவது விட்டுவைக்க வேண்டும், ஏழைக் கிராமத்து வாழ்க்கையே அப்படித்தான் நகர்கிறது என்று ரே பின்னாளில் எழுதினார். முழுமையாக எழுதிய திரைக்கதை அவரிடம் இருக்கவில்லை, ஓவியங்களும் குறிப்புகளும்தான். அதற்கு முன்பே, 1940களில், சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புக்கு ஓவியம் வரைந்த நாட்களில் நாவலோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டுவிட்டது. மிட்டாய்க்காரன் பின்னால் பிள்ளைகளும் நாயும் போகும் காட்சி எந்தத் திருப்பத்துக்கும் உதவுவதில்லை. இன்றைய எந்த ஸ்கிரிப்ட் டிஸ்கஷனிலும் முதலில் அடிபடும் காட்சி அது. அதை வைத்திருந்ததால்தான் கதை நடக்கும் நிச்சிந்திபூர் ஒரு ஊராக நிற்கிறது.

ஓடிடி தளங்கள் எட்டு, பத்து மணி நேரம் தருவதால் இனி எதையும் விட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை நம் எழுத்தாளர்களிடம் பரவுகிறது. நேரம் கூடினால் நிகழ்ச்சிகள் கூடும்; அவற்றின் வரிசையைத் திரைக்காக மறுபடி யோசிக்கும் வேலை அப்படியேதான் இருக்கும். தழுவல் பற்றி அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள், நாவலின் நிகழ்ச்சி வரிசையையும் படத்தின் காட்சி வரிசையையும் தனித்தனியாக எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். இடம் மாறிய ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு முழுக் கட்டுரையும் எழுதினாலும் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.