நொய்யல் நம் ஆறு அல்லவா?

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் நினைவுக்கு வரும். எனக்கோ ஆற்றுப் பாலம் நினைவுக்கு வருகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், நம் ஊரின் நடுவே ஓடுகிறது. அதில் குளித்ததாக என் பாட்டி சொல்வார். நானோ மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைக் கடக்கிறேன்.

1932-இல் தடியடி பட்டும் கொடியை விடாமல் உயிர்நீத்தார் குமரன். அவரால் பெருமை பெற்ற நம் ஊர் 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2009-இல் மாவட்டத் தலைநகருமாயிற்று. ஆனால் ஆறு?

சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, உழவர்களின் நிலங்களைப் பாழாக்கியது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது பட்டறையில் வேலை பார்த்த என் தந்தை மாதக்கணக்கில் வீட்டிலிருந்தாராம். ஆயினும் அந்தத் தீர்ப்பு நியாயமானதே என்கிறார் அவர். உழவரும் நம்மைப் போல் பிள்ளை குட்டிக்காரர்கள்தானே!

பழி முழுவதையும் சாயத்தின் மேல் போடுவது சரியன்று என்பது என் கருத்து. வீட்டுச் சாக்கடையும் குப்பையும் யாருடையவை? தோழியரே, பாலத்திலிருந்து குப்பைப் பையை எறியும் கையைத் தடுக்க நீதிபதி வரமாட்டார். நாம்தான் தடுக்க வேண்டும். கொடியைக் காத்த ஊர் ஆற்றையும் காக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி