உகிர் செத்த சொல் அல்ல

மாணவன் ஒருவன் கட்டுரையில் ‘உகிர்’ என்று எழுதினால், அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையால் ‘நகம்’ என்று எழுதும் ஆசிரியர்கள் நம்மிடையே உள்ளனர். காரணம் கேட்டால், “அது வழக்கொழிந்தது, கன்னடக்காரர்கள் பேசுகிற சொல்” என்பார்கள். என்ன நியாயம் இது!

குறுந்தொகை 16ஆம் பாடலைப் பாருங்கள். கள்வர் தம் அம்பைச் செப்பம் செய்கையில் நக நுனியில் வைத்துப் புரட்டுவார்களாம். அந்த ஓசையைப் பல்லியின் குரலுக்கு உவமையாக்குகிறார் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அங்கே அவர் ஆளும் சொல் உகிர்தான். சங்கப் பாடல்களில் புலிக்கும் நாய்க்கும்கூட அதே சொல்.

கன்னடத்தில் உகுரு, துளுவிலும் உகுரு, தெலுங்கில் கோரு. பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு, 1984) இவற்றை உகிரோடு சேர்த்தே தொகுத்துள்ளது. ஆக, இது கன்னடம் தந்த கடனன்று. உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொண்ட சொத்து. அவர்கள் தம் பங்கை இன்றும் அன்றாடம் புழங்குகின்றனர். நாமோ வடமொழி நகத்தை வாங்கிக்கொண்டு, சொந்தப் பங்கை அயலான் பொருள் என்கிறோம்.

நகம் என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள் என நான் சொல்லவில்லை. அதுவும் நெடுநாள் பழகிய சொல்லே. ஆனால், தானே தேடிப் படித்து உகிர் என்று எழுதியவனுக்கு எதற்குத் தண்டனை? அடுத்த முறை அவன் தேடுவானா? பேச்சில் இல்லாததெல்லாம் பிழை என்றால், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் செய்யுளையும் அல்லவா அடிக்க வேண்டும்?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் உகிர் இருக்கிறது. சிவப்புப் பேனாவைத் திறக்குமுன் அதைத் திறந்து பார்க்க அரை நிமிடம் போதும்.